ஈரம் பார்க்கும் புறங்கை

செவ்வாய்க்கிழமையில் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள். அதனால்தான் தெரிந்தவருடைய கல்யாண மண்டபத்துப் பந்திக்கூடம் எனக்கு ஒரு பகல் முழுக்கக் கிடைத்தது. ஏழு ஆறடி மேசைகளை நீளவாக்கில் ஒட்டிப் போட்டோம். மேசைக்கும் மேசைக்கும் நடுவிலிருந்த இடுக்கு தெரியாதபடி, பந்திக்கு விரிக்கிற காகிதச் சுருளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உருட்டி ஒட்டினோம். அதற்கு முன் மேசை விளிம்பு முழுவதையும் கையால் தடவிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் தகடு பெயர்ந்து சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தது. விரிக்கப்போகிற நைலான் பாராசூட்டுக்கு அது போதும், ஒரு இழை மாட்டினால் ஒரு சாண் கிழியும்.

அக்கா மகன் சென்னையில் ஒரு டிராக் ரேஸ் குழுவில் மெக்கானிக். 402 மீட்டர், அதாவது கால் மைல் தூரத்தை நேர்கோட்டில் எத்தனை நொடியில் கடக்கிறோம் என்பதுதான் அந்தப் பந்தயம். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. கோட்டைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும். அந்த நிறுத்துகிற வேலைக்காக அவர்கள் வெளிநாட்டிலிருந்து ஒரு பாராசூட் வாங்கியிருந்தார்கள். அதை ஒரு கோணிப்பையில் சுருட்டிப் போட்டு எடுத்து வந்திருந்தான்.

"மாமா, வந்தப்ப மடிச்சேதான் வந்துச்சு. ஒரு தடவ டெஸ்ட்ல இழுத்துப் பாத்தோம், சூப்பரா விரிஞ்சிச்சு. இப்ப பைக்குள்ள போவவே மாட்டேங்குது."

"திணிச்சுப் பாத்தீங்களா?"

"முட்டி போட்டு அமுக்கிக்கூடப் பாத்தோம் மாமா."

எனக்குக் கோபம் வரவில்லை. முதல் வருஷம் நானும் முட்டியை வைத்திருக்கிறேன்.

1983-இல் தாம்பரத்தில் தேர்வு எழுதி, பெல்காமில் அடிப்படைப் பயிற்சி முடித்து, இந்திய விமானப்படையில் 20 வருஷம் இருந்தேன். அதில் பெரும்பகுதி சேஃப்டி எக்விப்மென்ட் செக்ஷனில் கழிந்தது. விமானியின் உயிர் சம்பந்தப்பட்ட துணி, கயிறு, முகமூடி, மிதவை எல்லாம் அங்கேதான் வரும். நான் அதிகம் தொட்டது மிக்-21 விமானத்தின் வால் பாராசூட்டை. செக்ஷனில் அதை டெயில் ஷூட் என்போம். ஊரில் கேட்டால் "குடை மடிக்கிற வேலை" என்று அம்மா சொல்வாள். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

மிக்-21 சின்ன இறக்கை வைத்த விமானம். மெதுவாகப் பறக்கத் தெரியாது. மணிக்கு 250 கிலோமீட்டருக்குக் குறையாமல்தான் தரையைத் தொடும். சக்கர பிரேக் ஒன்றை மட்டும் நம்பி அதை நிறுத்தினால் டயரும் பிரேக் தட்டும் தாங்காது, ஓடுபாதையும் போதாது. சக்கரம் தரையைத் தொட்டதும் விமானி பொத்தானை அழுத்துவார். செங்குத்து வாலின் அடியில், எஞ்சின் வாய்க்கு மேலே இருக்கிற உருளைப் பெட்டியின் கதவு திறக்கும். முதலில் ஒரு குட்டிக் குடை வெளியே துள்ளிக் காற்றைப் பிடிக்கும். அது பையை இழுக்கும், பை கயிறுகளை இழுக்கும், கயிறு முழுக்க நீண்ட பிறகுதான் பெரிய குடை பையிலிருந்து வெளிவர வேண்டும். இந்த வரிசை தலைகீழாகி, கயிறு நீளும் முன்பே துணி வெளியே வந்துவிட்டால் ஒரு பக்கம் மட்டும் காற்றை வாங்கும், கயிறு துணி மேல் ஏறிக்கொள்ளும். கண் மூடித் திறக்கும் நேரத்தில் நடந்து முடிகிற இந்த வரிசையை மேசை மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அடுக்கி வைப்பதுதான் எங்கள் வேலை.

பந்திக்கூடத்தில் அந்த டிராக் காரின் பாராசூட்டை விரித்தபோது பழைய ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. வட்டக் குடை இல்லை, சிலுவை வடிவம். இரண்டு நீளப் பட்டைகளைக் குறுக்காக வைத்துத் தைத்தது. போர் விமானங்களிலும் இந்த வடிவம் உண்டு. நன்றாக மூடிய வட்டக் குடை காற்றை முழுசாகப் பிடித்துக்கொள்ளும், பிடித்த காற்று ஏதாவது ஒரு ஓரம் வழியாக வழிந்தாக வேண்டும், வழிகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் குடை சாயும். அப்படியே இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டம் வாலைப் பிடித்து ஆட்டும். சிலுவையில் நான்கு மூலையும் திறந்திருப்பதால் காற்று சமமாகக் கசியும், குடை நேராக நிற்கும், விரியும்போது விழுகிற அடியும் குறைவு. தைப்பதற்கும் சுலபம்.

காருக்கு எதற்கு விமானத்துச் சாமான் என்று என் அக்கா கேட்டாள். அவளுக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் சொல்கிறேன். காற்றின் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். குடையின் பயனுள்ள பரப்பு 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 240 கிலோமீட்டர் வேகத்தில் அது காரைப் பின்னால் இழுக்கிற விசை ஏறக்குறைய 540 கிலோ எடைக்குச் சமம். ஐந்து மூட்டை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, பின்னால் கட்டித் தொங்கவிட்டதை விட அதிகம். வேகம் 120-க்கு இறங்கும்போது அதே குடை 135 கிலோதான் இழுக்கும். 60-க்கு வந்தால் 34 கிலோ, ஒரு பள்ளிக்கூடப் பையன் கனம். சக்கர பிரேக் அதிக வேகத்தில் எங்கே தடுமாறுமோ அங்கே குடை பலசாலி. பிரேக் நன்றாகப் பிடிக்கிற இடத்தில் குடை ஓய்ந்துபோகும். இரண்டும் முறை வைத்து வேலை செய்கிற மாதிரி. இன்னொன்று, சக்கர பிரேக்குக்குத் தரையின் பிடிப்பு வேண்டும். ஈரத் தரையோ எண்ணெயோ வந்தால் போயிற்று. குடைக்குக் காற்று இருந்தால் போதும்.

1937-இல் வடதுருவத்தின் பனிப்பாளத்தில் சோவியத் விமானங்கள் இறங்கியபோது பாராசூட்டை விரித்து நின்றன. பனியில் எந்த பிரேக் பிடிக்கும்? அமெரிக்க விண்வெளி ஓடங்களிலும் 1992-இல் எண்டவர் முதல் இதைச் சேர்த்தார்கள். அமெரிக்காவின் டிராக் பந்தய விதிப்படி மணிக்கு 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டரை எட்டுகிற காருக்குப் பாராசூட் கட்டாயம். 200 மைலுக்கு மேல் போனால் இரண்டு வேண்டும். இரண்டு இருந்தும் போதாமல் போன நாள் உண்டு. 2008 ஜூன் மாதம் நியூஜெர்சியில் ஸ்காட் கலிட்டா என்ற புகழ்பெற்ற ஓட்டுநரின் காரில் எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்தது. பாராசூட்டுகளால் அந்தக் காரை நிறுத்த முடியவில்லை. அவர் இறந்துபோனார். அதன் பிறகுதான் மிக வேகமான பிரிவுகளுக்குப் பந்தய தூரத்தையே 1,000 அடியாகக் குறைத்தார்கள். நிற்க இடம் வேண்டும் என்பதற்காக ஓடுகிற தூரத்தைக் குறைத்தார்கள். இதை மருமகனிடம் சொன்னபோது அவன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

நம் பக்கத்தில் இந்தப் பந்தயங்களும் விமான ஓடுபாதையில் பிறந்தவைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சோழவரம் ஓடுதளத்தில் 1950-களிலிருந்து கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. பிறகுதான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைக்குப் பந்தயத் தடம் வந்தது.

இனி மேசைக்கு வருகிறேன். மருமகனோடு வந்த இரண்டு பையன்களும் துணியைப் பார்த்ததுமே மடிக்கத் தயாரானார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். முதலில் பார்வை. பட்டை பட்டையாக, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஊசித்துளை தெரிகிறதா, தையல் இழுத்திருக்கிறதா, எங்காவது பளபளப்பாகக் கெட்டித்திருக்கிறதா என்று. நைலான் சூட்டில் கருகுவதற்கு முன் உருகும். உருகிய இடம் விரலுக்கு மெழுகு மாதிரி வழவழப்பாகப் படும். எஞ்சின் புகைவாய்க்கு அருகில் இருக்கிற குடையில் இதைத் தேட வேண்டும். அவர்கள் குடையில் கீழ் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. "புகைக்குழாயைத் திருப்பி வைங்க, குடை அதுக்கு நேரா விழுது" என்றேன். அதை அவர்கள் அதுவரை பார்த்திருக்கவில்லை.

அடுத்து மணல். தடத்தில் இழுபட்டு வந்த குடையில் ரப்பர்த் தூள், எண்ணெய், மணல் எல்லாம் ஏறியிருக்கும். மணல் ஒவ்வொரு துகளும் சின்ன ரம்பம். மடித்து இறுக்கினால் இழைகளுக்கு நடுவே உட்கார்ந்து அறுக்கும். உதற வேண்டும், மென்மையான பிரஷால் தள்ள வேண்டும், எண்ணெய் இருந்தால் மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் காயப்போடவே கூடாது. நைலானுக்கு நெருப்புக்கு அடுத்த எதிரி வெயில். பார்க்கப் புதுசு போலவே இருக்கும், பலம் மட்டும் போயிருக்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் பட்டுப் புடவையை நிழலில் உலர்த்துவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சொல்லித்தர வேண்டியிருந்தது ஈரத்தைப் பற்றி. அதை நான் எப்படிக் கற்றேன் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை.

வடக்கே ஒரு தளம். மணல்காட்டு ஓரம். வருஷத்தில் பத்து மாதம் ஈரம் என்ற சொல்லே கிடையாது. ஆனால் அந்த வருஷம் ஆகஸ்டில் விடாமல் மழை. ஒவ்வொரு முறை விமானம் இறங்கியதும் ஓடுபாதைக் கோடியில் குடையைக் கழற்றிவிட்டுப் போகும். எங்கள் ஆட்கள் வண்டியில் போய் வாரிக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு வந்த குடைகள் எல்லாம் சேறு. மணல் சேறு. உலர்த்துவதற்கு உயரமான ஒரு கோபுர அறை இருந்தது. குடையை உச்சியில் மாட்டித் தொங்கவிட்டால் கயிறு முழுக்க நேராகத் தொங்கும். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குச் செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகால்தான் ஞாபகத்துக்கு வரும். அடுக்கடுக்காக மேலே போய்க் கூம்பாக முடிகிற அந்தக் கட்டடத்துக்குள் சின்ன வயசில் நின்று கத்துவோம். இந்தக் கோபுரத்தில் கத்த முடியாது, அவ்வளவுதான்.

அன்றைக்குக் கோபுரம் நிறைந்திருந்தது. அடுத்த நாள் காலை பறப்பு அதிகம், மடித்த குடை கையிருப்பில் குறைவு. ஒரு குடையை இறக்கித் தொட்டுப் பார்த்தேன். மேலே உலர்ந்திருந்தது. நடுவிலும் உலர்ந்திருந்தது. கீழ் விளிம்பில் துணி இரட்டையாக மடித்துத் தைத்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன், சூடாகத்தான் பட்டது. என் கைச்சூடு அது. மடித்தேன். பதிவு அட்டையில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை நான் ஓடுபாதை பக்கம் இல்லை. போனில்தான் செய்தி வந்தது. குட்டிக் குடை வந்தது, கயிறு நீண்டது, பெரிய குடை விரியவில்லை. முறுக்கிய துணி மாதிரி நீளமாக வாலுக்குப் பின்னால் ஆடியது. விமானி பிரேக்கை மிதித்துக்கொண்டே போனார். ஓடுபாதையில் பாதிக்கு மேல் போன பிறகு குடை பட்டென்று திறந்ததாம். அதற்குள் ஒரு டயர் வெடித்துவிட்டது. விமானம் கோடிக்குச் சற்று முன்னால் நின்றது. விமானிக்கு ஒன்றும் இல்லை. இதை எழுதும்போதும் அந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

குடையை மேசை மேல் விரித்தார்கள். கீழ் விளிம்பில் அடுத்தடுத்த இரண்டு மடிப்புகள் ஈரமும் சேற்றுப்பொடியும் சேர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்திருந்தன. பிரித்தபோது சின்னதாக ஒரு சத்தம் வந்தது, அப்பளத்தை உடைத்த மாதிரி. காற்று உள்ளே நுழைகிற வாயே அந்த விளிம்புதான். வாய் ஒட்டிக்கொண்டால் குடை மூச்சு வாங்க முடியாது.

விசாரணை, தண்டனை எல்லாம் முறைப்படி நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நியாயமாகவே நடந்தது. செக்ஷன் பொறுப்பிலிருந்த சார்ஜன்ட் மலையாளி. அவர் திட்டவில்லை. அன்றிரவு என்னைக் கோபுரத்துக்குக் கூட்டிப்போய், அப்போது அலசிய ஒரு குடையை உச்சிக்கு ஏற்றச் சொன்னார். அதன் கீழ் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து கீழ்விளிம்பைத் தொட்டு நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். "உள்ளங்கை வேண்டாம், அதுக்குக் காய்ப்பு உண்டு, சூடும் உண்டு. புறங்கை" என்றார். விரல் கணுக்களுக்குக் கீழே இருக்கிற தோலைச் சொன்னார். இரவு பத்து மணிக்கு எழுத ஆரம்பித்தேன். மேல்துணி பன்னிரண்டரைக்கு உலர்ந்தது. விளிம்புத் தையல் விடிகாலை ஐந்தேகாலுக்கு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்தைத்தான் நான் முந்தின நாள் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மடிப்பதைப் பற்றி ஊரில் பெரிதாக நினைக்கிறார்கள். கைத்திறமை, சூட்சுமம் என்று. மடிப்பது கடைசிக் கால்பங்கு. மற்ற முக்கால்பங்கும் பார்ப்பதும் துடைப்பதும் காத்திருப்பதும்தான். இதை நான் பையன்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பிறகு சொல்லவில்லை, செய்ய வைத்தேன். மூன்று பேரையும் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு முழுக்கப் புறங்கையால் தடவ வைத்தேன். ஒரு மூலையில் மருமகன் கை நின்றது. "இங்க சில்லுனு இருக்கு மாமா" என்றான். டெஸ்ட் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கோணிப்பையில் சுருட்டி வைத்த ஒன்பது நாள். அந்த மூலையை முகர்ந்தும் பார்த்தோம், லேசாகப் பூஞ்சை வாடை. மேசைகளை அப்படியே விட்டுவிட்டு மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து குடையைக் கீழே தொங்கவிட்டோம். மதியம் வரை காத்திருந்தோம். அதற்குள் எங்கள் ஊர்ச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குப் போய் வரலாமா என்று பையன்கள் கேட்டார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சி சேர்ந்ததிலிருந்து வருகிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். போய்விட்டு வாருங்கள் என்றேன். வெயிலில் ஏறி இறங்கி, மல்லாட்டை வாங்கிக் கொறித்துக்கொண்டு இரண்டு மணிக்கு வந்தார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் துணியைத் தொடவிட்டேன்.

மடிக்கும்போது துணி நழுவாமல் இருக்கக் கனம் வைக்க வேண்டும். செக்ஷனில் ஈயக்குண்டு நிரப்பித் தைத்த நீளப்பைகள் இருக்கும். இங்கே அக்கா அரைக்கிலோ துவரம்பருப்பைப் பழைய வேட்டித் துணியில் போட்டு வாயைத் தைத்துக் கொடுத்தாள். பத்துப் பைகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதினேன். ஏன் எண் என்று கேட்டார்கள். மடித்து முடித்து எண்ணும்போது ஒன்பதுதான் இருந்தால் முழுவதையும் பிரிக்க வேண்டும், அதற்காக. குடைக்குள் ஒரு கத்தரிக்கோல் போன கதை எல்லாத் தளத்திலும் சொல்வார்கள். அதனால்தான் மடிப்பு மேசையில் ஊசி முதற்கொண்டு எண்ணி எடுத்து எண்ணி வைப்பது வழக்கம்.

காரில் மாட்டுகிற முனையை மேசைக் காலில் கட்டி, எதிர்முனையை இழுத்துக் கயிறுகளை நேராக்கினோம். ஒவ்வொரு கயிறாக, முனையிலிருந்து துணி வரை விரலுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஒன்று இன்னொன்றைச் சுற்றியிருந்தால் அங்கே விரல் நிற்கும். மூன்று இடத்தில் நின்றது. பிறகு சிலுவையின் நான்கு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பக்கவாட்டில் மடித்து, பை அகலத்துக்கு ஒரு நீளப் பட்டையாக்கி, பருப்புப்பையை வைத்துக்கொண்டே வந்தோம். அந்தப் பட்டையை முன்னும் பின்னுமாக விசிறி மடிப்பாகப் பைக்குள் இறக்கினோம். உச்சி முதலில், விளிம்பு கடைசியில். திணிக்கவில்லை, அழுத்தவில்லை. ஒவ்வொரு மடிப்புக்கும் உள்ளிருக்கும் காற்றைக் கையால் தள்ளி வெளியே விட்டால் போதும். காற்றை அடைத்துக்கொண்டு மடித்ததால்தான் முட்டி போட்டும் உள்ளே போகவில்லை. கயிறுகளைப் பை வாய்க்கு மேலே இடமும் வலமுமாக ரப்பர் வளையங்களில் கோத்தோம். பையை மூடி, காரின் பெட்டிக்குள் இருத்தி, குட்டிக் குடையின் சுருள்கம்பியை அமுக்கி வைத்து மேல்மடல்களை மூடிப் பின்னைச் செருகுவது கடைசி. பின் சுலபமாக வர வேண்டும், தானாக வரக்கூடாது. அதற்கு அளவு ஏதும் எழுதித்தர முடியாது. மூவரையும் மாறி மாறி இழுக்க வைத்தேன்.

பருப்புப்பை பத்தும் வந்தது. தேதி, மடித்தவர், பார்த்தவர் என்று மூன்று கட்டம் போட்ட ஓர் அட்டையை எழுதி மருமகனிடம் கொடுத்தேன். மடித்தவர் கட்டத்தில் அவன் கையெழுத்து, பார்த்தவர் கட்டத்தில் என் கையெழுத்து. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கொஞ்ச நேரம் நின்றான்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினேன். குடை இழுக்கிற கயிறு காரோடு சேரும் இடம் காரின் எடை மையத்தின் உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் முன்சக்கரம் தூக்கும், கீழே இறங்கிவிட்டால் பின்பக்கம் தூக்கும். பக்கக்காற்று பலமாக அடிக்கிற நாளில் குடை காற்றுப் போகும் பக்கம் சாய்ந்து காரின் பின்புறத்தைத் தன்னோடு இழுக்கும், மூக்கு காற்றுக்கு எதிராகத் திரும்பும். ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், குடை விரிந்த அந்த நொடியில் எதையும் வெடுக்கென்று செய்யக்கூடாது.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 1963-இல் அந்த ஊரில்தான் அது நம் படையில் சேர்ந்தது. இப்போது சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் சுகோய்-30 என்று நம் மாநிலத்திலேயே நிற்கிற விமானங்களின் வாலிலும் குடை இருக்கிறது. ஆக்ராவில் வடிவமைக்கிறார்கள், கான்பூர் தொழிற்சாலையில் தைக்கிறார்கள். அங்கேயும் எங்கோ ஒரு மேசையில் இன்றைக்கு ஒரு பையன் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மண்டபத்தில் மடித்துக் கொடுத்ததற்கு அடுத்த ஞாயிறு சாயங்காலம் மருமகன் போன் செய்தான். சத்தமும் சிரிப்புமாக இருந்தது. கோட்டைத் தாண்டினதும் இழுத்தார்களாம், முதல் இழுப்பிலேயே திறந்ததாம், கார் நேராக நின்றதாம்.

"எங்க விழுந்துச்சு?"

"புல்லுல மாமா. காலையில மழை பேஞ்சிருந்துச்சு."

"கோணியில போடாத. விரிச்ச மாதிரியே வேன்ல போட்டு எடுத்தா."

திங்கட்கிழமை காலை எடுத்து வந்தான். மண்டபத்தில் அன்று நிச்சயதார்த்தம். அதனால் எங்கள் வீட்டு மாடிப்படிக் கம்பியிலிருந்து கூடத்துக்குள் தொங்கவிட்டோம். அக்கா அதைச் சுற்றிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்வந்தாள். சாயங்காலம் அவன் கிளம்ப வேண்டும் என்றான், மேலே தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டது என்றான். நான் குனிந்து விளிம்புத் தையலில் புறங்கையை வைத்தேன். பிறகு அவன் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் போகிறேன் என்றான்.